பதினேழாம் பக்கத்தில் தொடங்கிய புத்தகம்

என்னிடமிருந்த கிரேக்க இலக்கணப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், மேல் மூலையில், 17 என்று அச்சிட்டிருந்தது. ஒரு வருடமாக அதை நாள் தவறாமல் பார்த்தேன். அதற்கு முன்னால் உள்ள பதினாறு பக்கங்கள் எங்கே என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அதற்காக நான் வெட்கப்படப் போவதில்லை. ஏன் கேட்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் கோதுமைக் கப்பல் இறக்குகிறவர். வேலை முடிந்து வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். அம்மா மீன் சந்தைக்குப் பக்கத்திலுள்ள சாப்பாட்டுக் கடையில் இடியப்பம் அவிக்கிறவர். இருவருக்கும் சொந்த இடம் கிளிவெட்டி. பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் அவர்கள் யுத்தத்தால் முகாம் முகாமாக மாறிக்கொண்டிருந்தார்கள். அன்புவழிபுரத்தில் இப்போதிருக்கும் குறுக்குத் தெருவுக்கு, எங்கள் ஒழுங்கைக்கு, வந்து சேர்ந்தபோது அப்பாவுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. ஆண்டு இரண்டில் படிக்கும்போது நான்தான் பழக்கினேன்.

பல்கலைக்கழகம் கிடைத்து, ஆறேழு மணித்தியால பஸ் பயணத்துக்கு அப்பால் மலைப் பக்கம் போனேன். முதல் வருடத்தில் மூன்று பாடங்கள் எடுக்க வேண்டும். இரண்டைத் தெரிவுசெய்துவிட்டு மூன்றாவதுக்காக அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிரேக்கம் என்று ஒரு வரி இருந்தது. "அது எங்களை மாதிரி ஆக்கள் எடுக்கிறேல்ல" என்றார் பக்கத்தில் நின்ற மூத்த மாணவி. அதனால் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது முதலில் கேள்வி கேட்டவர் அடுத்த வீட்டு மாமி.

"கிரீஸ் கப்பல் வந்தா நீ ஏறிப் போய்க் கதைப்பியோ?"

"இது இப்பத்தையக் கிரேக்கம் இல்லை மாமி. பழசு. இதைக் கதைச்ச ஆக்கள் செத்து ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல."

"செத்த ஆக்களின்ர பாஷையோ? ஏன் பிள்ளை, ஆவி கூப்பிடப் போறியோ?"

அப்பா மட்டும் துறைமுகத்தில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார், மகள் கப்பல்காரரின்ர பாஷை படிக்கிறாள் என்று. நான் திருத்தவில்லை. அவர் சந்தோசமாகச் சொல்லுகிற ஒன்றை நான் ஏன் திருத்த வேண்டும்?

எங்கள் வகுப்பில் பன்னிரண்டு பேர். விரிவுரையாளர் ஒரு பழைய ஆங்கில இலக்கணப் புத்தகத்திலிருந்துதான் படிப்பிப்பார். நூறு வருடத்துக்கு மேல் பழையது. புதிய புத்தகங்கள் பிள்ளைகளுக்குப் பால்சோறு ஊட்டுகின்றன, இதுதான் பல்லுக்கு வேலை கொடுக்கும் என்பார். அந்தப் புத்தகத்தில் வருகிற பெயர்கள் இன்றைக்கு யாரும் வைக்காத பெயர்கள். ஒரு வினைக் காலத்துக்குப் பெயர் 'போலோ போஸ்ற் ஃபியூச்சர்'. முதன்முதலில் அதைப் பார்த்தபோது மருந்துச் சீட்டு என்று நினைத்தேன். மற்றப் பதினொரு பேரும் பெரிய நகரப் பள்ளிக்கூடங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களிடம் புதிய புத்தகங்களும் இருந்தன. பழைய பெயருக்குப் புதிய பெயர் என்ன என்று சொல்லிக் கொடுக்கத் தனி வகுப்பு ஆசிரியர்களும் இருந்தார்கள். என்னிடம் இருந்தது பல்கலைக்கழக வாசலுக்கு எதிரேயுள்ள போட்டோக்கொப்பிக் கடையில் வாங்கிய தாள் கட்டு.

அந்தக் கடையில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு தாய்ப் பிரதி உண்டு. யாரோ ஒரு காலத்து மாணவர் நூலகத்துப் புத்தகத்தைக் கொண்டுவந்து எடுத்தது. அதிலிருந்துதான் வருடா வருடம் பிள்ளைகளுக்குப் போகும். எதிலும் முன்பக்கங்கள் இருக்காது. ஊரிலும் நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலம் முழுவதும் இதுதான் வழக்கம். "பாடத்தில இருந்து போடுங்கோ அண்ணை" என்றுதான் கடையில் சொல்வோம். முன்னுரை, பதிப்புரை, பொருளடக்கம் ஒன்றும் வேண்டாம். அதெல்லாம் சோதனைக்கு வராது. உயர்தரப் பரீட்சை வரைக்கும் நான் படித்த ஒரு புத்தகத்தின் முன்னுரையையும் கண்டதில்லை. கண்டதில்லை என்பதும் தெரியாது.

கிரேக்கக் கட்டை வாங்கிய அன்று கடைக்கார அண்ணா கேட்டார்: "தங்கச்சி, இது பதினேழுல இருந்துதான் இருக்கு. லைபிரரி புக்க கொண்டாந்தா முன்னாடி உள்ளதையும் எடுத்துத் தாரேன்."

"வேண்டாம் அண்ணா" என்றேன். "சோதனைக்கு வராது."

இந்த வாயால்தான் சொன்னேன்.

இரண்டாம் வருடம் தொடங்க முன் ஒரு வாசிப்புச் சோதனை. அதில் சித்தியடைந்தால்தான் தொடர்ந்து கிரேக்கம் படிக்கலாம். ஒரு சிறிய பகுதி கொடுத்திருந்தார்கள். ஒரு கப்பல் துறைக்கு வருகிறது. காற்று பாய்மரத்தை முறிக்கிறது. ஆட்கள் கரையில் இருக்கிறார்கள். ஒரு கிழவன் தூங்குகிறான். ஒரு நாய் ஓடுகிறது. வாசித்தபோது எனக்கு விளங்கியது. துறைமுகத்துக் கதை எனக்கு விளங்காமல் வேறு யாருக்கு விளங்கும்? பிறகு கேள்வி: இதிலுள்ள 'நியூற்றர் வேர்ப்'களின் கீழ்க் கோடிடுக.

அந்தப் பெயரில் எனக்குச் சந்தேகமே இல்லை. நியூற்றர் என்றால் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. எங்கள் கணக்கில் அஃறிணை. தமிழில் வினையைக் கேட்டாலே ஆள் தெரியும். வந்தான் என்றால் ஒருவன், வந்தது என்றால் கப்பலோ நாயோ. ஆகவே நியூற்றர் வேர்ப் என்றால் அஃறிணை வினை. என் கொப்பியில் முதல் மாதமே அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். கப்பல் வந்தது, கோடு. காற்று முறித்தது, கோடு. நாய் ஓடியது, கோடு. ஆட்கள் இருந்ததையும் கிழவன் தூங்கியதையும் தொடவில்லை. அவர்கள் உயர்திணை.

போனில் தேடிப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கக்கூடும். தெரியாத சொல்லை எல்லாம் தேடினேன். ஆனால் ஒரு பழைய பெயரைத் தேடினால் அதை விளக்க வேறு மூன்று பெயர்கள் வந்து நிற்கும், பூட்டைத் திறக்கக் கேட்டால் இன்னொரு பூட்டைத் தருவது போல. இந்தச் சொல்லையோ நான் தேடவே இல்லை. தெரியும் என்று நினைக்கிற சொல்லை ஆர் தேடுவார்?

விரிவுரையாளர் என் விடைத்தாளை வகுப்பில் வாசித்தார். பெயர் சொல்லவில்லை, ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டே வாசித்தார். "இந்தப் பிள்ளையின் உலகத்தில் கப்பலும் நாயும்தான் வேலை செய்கின்றன. மனிதர்கள் சும்மா இருக்கிறார்கள்." வகுப்புச் சிரித்தது. பிறகு என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவரோடு பேசுவது எப்போதும் ஆங்கிலத்தில்தான்.

"உங்கள் வீட்டில் யாராவது ஆங்கிலத்தில் படித்தவர்கள் இருக்கிறார்களா?"

"எங்கள் வீட்டில் படித்தவர்களே இல்லை, சேர். நான்தான் முதல்."

"அதைத்தான் சொல்கிறேன். இது வீட்டிலிருந்தே கொஞ்சம் வரவேண்டிய படிப்பு. புவியியல் எடுக்கலாம். விடுமுறை முடிந்து ஐந்தாவது நாள் மறுசோதனை இருக்கிறது. எழுதுவதென்றால் எழுதுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் எழுத மாட்டேன்."

அவர் என் இடத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை. அதை அன்றைக்குச் சொல்ல எனக்கு ஆங்கிலம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பெயில் என்று சொன்னேன். துருவலை நிற்பாட்டவில்லை.

"எத்தினை பேர் பெயில்?"

"நான் மட்டும்."

"அப்ப அந்த மனுசனுக்கு உன்னை வடிவா ஞாபகம் இருக்கும்."

"விட்டிட்டு வேற பாடம் எடுக்கட்டாம் அம்மா."

இப்போதுதான் நிமிர்ந்தார். "விடுறதெண்டா விடு. நான் ஒண்டும் சொல்லேல்ல. ஆனா ஒழுங்கையில ஆரும் கேட்டா ஏலாமல் விட்டனான் எண்டு சொல்லாத. பிடிக்கேல்ல எண்டு சொல்லு." கொஞ்சம் துருவிவிட்டுக் கேட்டார்: "பிடிக்கேல்லையோ?"

"பிடிச்சிருக்கு."

"பிறகென்ன, போய் முகத்தைக் கழுவு."

எனக்கு வேறொரு இலக்கணப் புத்தகம் வேண்டும் என்று பட்டது. எதுவாக இருந்தாலும் சரி. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த ஒருத்தி, தங்கள் தேவாலயத்துப் பழைய மிஷன் வீட்டில் பாதிரிமாரின் புத்தகங்கள் ஒரு அலுமாரி நிறைய இருக்கின்றன என்று முன்பு சொன்னது ஞாபகம் வந்தது. பாதிரிமார் வேதத்துக்காகக் கிரேக்கம் படித்திருப்பார்கள். அடுத்த நாள் காலையே போனேன். கடற்கரைப் பக்கம், வேப்பமரத்துக்குப் பின்னால் ஓட்டு வீடு. முன்னறையில் மேசை போட்டு ஒரு அன்ரி இருந்தார். பொறுப்பாளர் அவர்தான். காற்றாடி அவர் பக்கம் மட்டும் திரும்பியிருந்தது.

"என்ன புத்தகம்?"

"கிரேக்க இலக்கணம்."

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "எந்தச் சபை பிள்ளை நீங்கள்?"

"சபை இல்லை அன்ரி. சைவம்."

"சைவப் பிள்ளைக்கு என்னத்துக்குக் கிரேக்கம்?"

"அலுமாரிக்கு என்னத்துக்குக் கிரேக்கம்?"

வாயிலிருந்து வந்துவிட்டது. துரத்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. மேசை லாச்சியை இழுத்து அலுமாரித் திறப்புக் கோர்வையை எடுத்தார். சுவரில் இருந்த பலகையைக் காட்டினார்: வெளியே கொண்டுபோகக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. "இருந்து எழுதலாம். பேனை வேண்டாம், பென்சில்."

கடற்காற்றில் பூட்டுத் துருப்பிடித்து, தேங்காயெண்ணெய் விட்டுத்தான் திறந்தது. மூன்றாவது தட்டில் ஒரு புத்தகம். அட்டை எனக்குப் பழக்கமில்லை. நடுவில் விரித்தேன். எழுத்தின் வடிவம், ஓரக் குறிப்பு, பயிற்சியின் இலக்கம் எல்லாம் மனப்பாடமான பக்கம். என் புத்தகம்தான். அதே புத்தகம், அட்டையோடு.

முன்னால் புரட்டினேன். பதினேழு. அதற்கு முன் பதினாறு. அதற்கும் முன் பதினைந்து.

'இந்நூலில் வழங்கும் பெயர்கள்' என்ற பொருளில் ஒரு தலைப்பு. தான் பயன்படுத்தும் ஒவ்வொரு பெயரும் என்ன, எங்கிருந்து வந்தது, வேறு ஆசிரியர்கள் அதை எப்படி அழைக்கிறார்கள் என்று அந்தப் புத்தகத்தை எழுதியவர் பக்கம் பக்கமாகச் சொல்லியிருந்தார். பன்னிரண்டாம் பக்கத்தில் நியூற்றர் வேர்ப். அந்தச் சொல்லுக்கு அடிப்படைப் பொருள் 'இரண்டும் அல்லாதது'. ஒன்றைச் செய்கிற வினையும் அல்ல, செய்யப்படுகிற வினையும் அல்ல. இருத்தல், தூங்குதல், வருதல், ஓடுதல். எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்குச் செயப்படுபொருள் குன்றிய வினை என்று பெயர். எனக்கு ஆண்டு எட்டிலேயே தெரிந்த விடயம். கிழவனின் தூக்கத்துக்குக் கீழே கோடு போட எனக்கு ஒரு பக்கம்தான் தேவைப்பட்டிருந்தது.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அப்படியொரு கோபம். விரிவுரையாளர் மேல், கடை மேல், அந்தத் தாய்ப் பிரதியை எடுத்த முகம் தெரியாத மாணவர் மேல். பிறகு 'சோதனைக்கு வராது' என்ற என் சொந்தக் குரல் கேட்டது. சரி. என் பங்கு எனக்கு. ஆனால் வீட்டிலிருந்து வரவேண்டிய படிப்பு என்றாரே, அது பொய். அது வீட்டிலிருந்து வரவில்லை. முதல் பதினாறு பக்கத்திலிருந்து வந்தது. அந்தப் பக்கங்கள் யாரிடம் இருந்தனவோ, யாருக்குத் தனியாக ஆள் வைத்துச் சொல்லப்பட்டதோ, அவர்களுக்கு வந்தது.

அன்றே எழுதத் தொடங்கினேன். அப்படியே பார்த்து எழுதவில்லை. ஒவ்வொரு பெயரையும் எழுதி, எதிரே தமிழில் அது என்ன என்று என் சொல்லில் எழுதினேன். ஒரு பெயருக்குத் தமிழ் எழுத வேண்டுமென்றால் அது முழுதாக விளங்க வேண்டும். விளங்காவிட்டால் பென்சில் நின்றுவிடும். போலோ போஸ்ற் ஃபியூச்சருக்கு 'இன்னும் கொஞ்ச நேரத்தில் நடந்து முடிந்திருக்கும் காலம்' என்று எழுதினேன். அன்றிரவு சாப்பிடும்போது அதை அம்மாவுக்குச் சொன்னேன்.

"விளங்குது" என்றார் அம்மா. "உன்ர கொப்பர் போன் எடுத்து, 'வந்திட்டன், இந்தா வாசல்ல' எண்டு சொல்லுவாரே. கப்பல்ல நிண்டுகொண்டு."

அப்பா குழம்பை ஊற்றிக்கொண்டே, "அப்ப நான் கிரேக்கம்தான் கதைக்கிறன்" என்றார்.

இரண்டாம் நாள் மத்தியானம் மிஷன் வீட்டுப் படியில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தேன். கொப்பி பக்கத்தில் இருந்தது. எங்கள் ஊரில் தெருவெல்லாம் திரியும் மான்களுக்கு வெட்கம் கிடையாது; சோற்றையும் தின்னும், கடதாசியையும் தின்னும். ஒரு பெண்மான் வந்து, நான் பருப்பைக் கவனித்துக்கொண்டிருந்த நேரத்தில் கொப்பியைக் கடித்து இழுத்தது. பிடுங்கினேன். ஏழாம் பக்கம் அதன் வாயோடு போய்விட்டது. நான் நின்று பேசிய பேச்சை இங்கே எழுத ஏலாது.

உள்ளேயிருந்து பெரிய சிரிப்புச் சத்தம். அன்ரி வாசலுக்கு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதுவும் சைவமோ பிள்ளை?" என்றார்.

"கிரேக்கம் தின்னுறபடியா உங்கட சபையாத்தான் இருக்கும் அன்ரி."

நான் திரும்பிப் போய் இருந்தபோது காற்றாடி என் மேசைப் பக்கம் திரும்பியிருந்தது. ஏழாம் பக்கத்தை இரண்டாவது தடவை எழுதினேன். மூன்றாம் நாள் பின்னேரம் பதினாறு பக்கமும் முடிந்தது. மிச்ச நாட்கள் முழுவதும் அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு பழைய பயிற்சிகளை முதலிலிருந்து செய்தேன். கதவுகள் திறந்தன என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கிரேக்கம் அப்போதும் கஷ்டம்தான். ஆனால் கஷ்டம் பாஷையில் இருந்தது, பெயர்களில் இல்லை. அந்த வித்தியாசம் தெரியாத ஆளுக்கு அதை விளங்கப்படுத்துவது சிரமம்.

மறுசோதனைக்கு நான் ஒருத்திதான். பெரிய மண்டபத்தில் ஒரு மேசை, ஒரு கதிரை. வேறொரு பகுதி, ஆனால் கேள்வி அதேதான்: நியூற்றர் வேர்ப்களின் கீழ்க் கோடிடுக. வேண்டுமென்றே கேட்டிருந்தார். கோடிட்டேன். கோடிட்டதோடு விடவில்லை. ஏன் அவை அந்தப் பெயரைப் பெற்றன, வேறு ஆசிரியர்கள் அவற்றை என்ன பெயரால் அழைப்பார்கள், தமிழ் இலக்கணத்தில் அதற்கு என்ன பெயர் என்று கீழே எட்டு வரி எழுதினேன். கேட்கவில்லை. ஆனாலும் எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து அறைக்குக் கூப்பிட்டார். விடைத்தாள் மேசையில் இருந்தது.

"விடுமுறையில் யாரிடம் படித்தீர்கள்?"

"ஒருவரிடமும் இல்லை. முதல் பதினாறு பக்கம் படித்தேன், சேர்."

"எந்தப் பதினாறு பக்கம்?"

"இந்தப் புத்தகத்தின் முதல் பதினாறு பக்கம்."

அவருடைய புத்தகம் அங்கேயே இருந்தது, தோல் அட்டை போட்டு. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது எல்லோரும் முதலில் படிக்கிற பகுதிதானே."

என் பிரதியைப் பையிலிருந்து எடுத்து முன்னால் வைத்தேன். மேல் மூலையில் விரலை வைத்துக் காட்டினேன். பதினேழு. அவர் அதை எடுத்துப் புரட்டினார். பின்னால் பார்த்தார், பக்கம் மாறிக் கட்டியிருக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

"கடையில் எல்லோருக்கும் இதுதான் தருகிறார்கள், சேர். எத்தனை வருடமாக என்று தெரியாது."

பிரதியை மேசையில் திருப்பி வைத்தார். பிறகு, "என்னிடம் கேட்டிருக்கலாமே" என்றார்.

இந்தத் தடவை ஆங்கிலம் வந்தது. பஸ்ஸில் வரும்போது அந்த வசனத்தை நான் பல தடவை சொல்லிப் பார்த்திருந்தேன்.

"நீங்களும் கேட்டிருக்கலாம், சேர். ஏன் அப்படிக் கோடு போட்டாய் என்று. நீங்கள் வாசித்துச் சிரிக்க வைத்தீர்கள்."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் அதை எதிர்பார்த்துப் போகவும் இல்லை. பத்திரத்தில் கையெழுத்து வைத்து என் பக்கம் தள்ளினார். ஐம்பத்தெட்டுப் புள்ளி. ஐம்பது எடுத்தால் சித்தி. எட்டு வரிக்குப் புள்ளி ஒன்றும் போடவில்லை. கோடு போட்டு வெட்டியும் விடவில்லை.

வாசலுக்கு வந்ததும் வீட்டுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அம்மா, "சரி, ஒழுங்கைக்கு நான் சொல்லுறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்கப்போகிற மாமிதான் பாவம்.

பிறகு தெருவைக் கடந்து போட்டோக்கொப்பிக் கடைக்குப் போனேன். கொப்பியிலிருந்ததைப் பேனையால் தெளிவாகத் திருப்பி எழுதி வைத்திருந்தேன், இடது பக்கம் பழைய பெயர், வலது பக்கம் தமிழ். பதினாறு தாள். அண்ணாவிடம் கொடுத்தேன்.

"இதைக் கிரேக்கத்தின்ர தாய்ப் பிரதிக்கு முன்னால வையுங்கோ."

புரட்டிப் பார்த்தார். "முன்பக்கமா? யாரும் கேக்க மாட்டாங்களே, தங்கச்சி."

"கேக்காட்டியும் சேர்த்துக் குடுங்கோ."

"வேணாம்னு சொன்னா?"

"நானும் உங்களிட்ட வேண்டாம் எண்டு சொன்னனான் அண்ணா. ஞாபகம் இருக்கோ?"

இருந்ததோ இல்லையோ, அவர் சிரித்தார். கட்டின் கம்பியைக் கழற்றி, என் தாள்களைத் தட்டிச் சமப்படுத்தி, பதினேழுக்கு மேலே வைத்து, புதிதாகத் துளை போட்டார்.

நான் அங்கேயே நின்றேன். கம்பி திரும்ப ஏறும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனேன்.